நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்ட பிள்ளைகள்

 



நிறவெறி என்று பேச்செடுத்தால் நம் மிம்பர்களில் முதலில் வருவது பிலால் (ரலி) அவர்களின் பெயர். உமய்யா பின் கலஃப், சுடுமணல், நெஞ்சின் மேல் பாறாங்கல், அஹத் அஹத் என்ற முனகல். மதரஸாவில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து கேட்டு வருகிறோம். கேட்டதும் கண் கலங்குகிறது. மக்கா வெற்றி நாளில் அவர்கள் கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொன்னதைக் கேட்டால் மனம் குளிர்கிறது. அத்தோடு துஆ ஓதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அது 1400 ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒரு விவகாரம் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது.

இந்த வாரம் நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நடந்ததைப் பார்ப்போம். இடம் அமெரிக்கா. அனுபவித்தவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். 70 வயது, 80 வயது. நம் வீட்டுத் திண்ணையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருக்கும் நன்னாமாரின் வயதுதான். அப்படி வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர் முஹம்மது அலி.

அவர் பிறந்தது 1942 ஜனவரி 17ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில். பெற்றோர் வைத்த பெயர் கேஷியஸ் கிளே. தகப்பனார் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். தாயார் வெள்ளையர் வீடுகளில் சமையல், துப்புரவு வேலை பார்த்தவர். பட்டினி கிடந்த குடும்பம் இல்லை. ஆனால் அந்த ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், வெள்ளைப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். கறுப்பர்களுக்கு ஒரு பூங்கா, வெள்ளையர்களுக்கு வேறு பூங்கா. அவர்கள் குடியிருந்த பகுதியிலேயே ராட்டினமும் ரயில் வண்டியுமாக ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. அதற்குள் கறுப்பர்கள் போகக்கூடாது. அலியும் அவருடைய தம்பியும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

சிறுவனாக இருந்தபோது தாயாரோடு நகரத்துக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். தாகம். ஒரு கடையில் தாயார் பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டார். கறுப்பர்களுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அழுதது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவருடைய பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரியில் வரும் ஹதீஸை எத்தனை முறை கேட்டிருப்போம். இங்கே நாயும் இல்லை, கிணறும் இல்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் குழாய். முன்னால் நின்றது ஒரு தாயும் அழுகிற பிள்ளையும்.

அந்தக் கடைக்காரர் கொடூரமானவராக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, பெண்டு பிள்ளைகள் மீது பாசமுள்ள மனிதராகக்கூட இருந்திருக்கலாம். ஊர் வழக்கம் அப்படி. சட்டமும் அதற்குத் துணை நின்றது. எப்படி என்று கேளுங்கள்.

1892இல் லூசியானா மாநிலத்தில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்தார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பு இரத்தம். பார்த்தால் தெரியாது. அவரே சொல்லித்தான் தெரிந்தது. கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1896இல் தீர்ப்பு வந்தது. இரு சாராருக்கும் வசதி சமமாக இருந்தால் பிரித்து வைப்பதில் தவறில்லை என்றார்கள் 7 நீதிபதிகள். ஒரே ஒருவர் மறுத்தார். ஜான் மார்ஷல் ஹார்லன் என்ற அந்த நீதிபதி அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1 ஓட்டு தோற்றது. அடுத்த 58 ஆண்டுகள் அந்தத் தீர்ப்பின் நிழலில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பேருந்து, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சில ஊர்களில் கபரஸ்தான் வரைக்கும் நிறம் பார்த்துப் பிரித்தார்கள்.

பிரித்தார்கள், சரி. சமமாக இருந்ததா? தென் கரோலினா மாநிலத்தின் கிளாரண்டன் மாவட்டத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. மைல் கணக்கில் நடந்தார்கள். பெற்றோர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ஒரே ஒரு பேருந்து. ஒன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் மறுக்கப்பட்டதால்தான் வழக்குப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர். வேலை போனது. விடுதியில் துப்புரவு வேலை செய்த அவருடைய மனைவிக்கும் வேலை போனது. ஊர் மக்களைத் திரட்டிய பாதிரியார் ஜோசப் டிலெய்னின் வீட்டைக் கொளுத்தினார்கள். பிள்ளைக்குப் பேருந்து கேட்டதற்கு இத்தனையும்.

சகோதரர்களே! நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது. வெளியே உள்ள வேலி கண்ணுக்குத் தெரியும். பிள்ளையின் உள்ளே என்ன நடக்கிறது?

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று ஒரு கறுப்பினத் தம்பதி. இருவரும் உளவியல் படித்தவர்கள். 1940களில் அவர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். நான்கு பொம்மைகள். நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்று போலவே இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. 3 வயது முதல் 7 வயது வரையுள்ள கறுப்புப் பிள்ளைகளின் முன்னால் அவற்றை வைத்துவிட்டுக் கேட்டார்கள். உனக்கு விளையாட எந்தப் பொம்மை வேண்டும்? எது நல்ல பொம்மை? எது கெட்ட பொம்மை? பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி: இதில் உன்னைப் போல இருக்கிற பொம்மை எது? அந்தக் கேள்வியில் சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். சிலர் அறையை விட்டு ஓடினார்கள்.

சற்று முன் சொன்ன கிளாரண்டன் மாவட்டத்திலும் 1951இல் கிளார்க் இதே சோதனையைச் செய்தார். 16 பிள்ளைகளில் 11 பேர் கறுப்புப் பொம்மைதான் கெட்டது என்று காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு பாடம் இல்லை. பெற்ற தாயும் சொல்லியிருக்க மாட்டாள். எந்தக் குழாயில் குடிக்கலாம், எந்த வாசல் வழியாக நுழையலாம், வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நடைபாதையில் யார் ஒதுங்க வேண்டும், தன் தகப்பனை ஒரு பொடியன் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று பார்த்துப் பார்த்துப் பிள்ளை தானே கற்றுக்கொண்டது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. வடக்கு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்புப் பிள்ளைகளிடமும் கிளார்க் தம்பதியர் இதே சாய்வைப் பார்த்தார்கள். சட்டப்படி பிரிவினை இல்லாத ஊரிலும் பத்திரிகைப் படம், விளம்பரம், சினிமா, கடைப் பொம்மை எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் பிள்ளைக்கு அதே பாடம்தான் கிடைக்கிறது. முஹம்மது அலி 1971இல் ஒரு பிபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் இதைத்தான் வேடிக்கையாகச் சொன்னார். சின்ன வயதில் தாயாரிடம் போய், ஏன் ஈஸா நபியின் படமும் வெள்ளை, வானவர்களின் படமும் வெள்ளை, கறுப்பு வானவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்பாராம். அரங்கம் சிரித்தது. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இங்கே உங்கள் வீட்டுக்கு ஒரு நிமிடம் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் நம் பெண்கள் கேட்கும் இரண்டாவது கேள்வி என்ன? பெண் பார்க்கப் போய்விட்டு வந்து தீனைப் பற்றிப் பேசுகிறார்களா, நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்களா? 1975இலிருந்து இந்தியாவில் விற்று வந்த ஒரு முகப்பூச்சு, தன் பெயரில் இருந்த வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல்லை 2020இல்தான் கைவிட்டது. அதுவும் எதனால்? மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்ற பிறகு உலகமெங்கும் எழுந்த பேச்சினால். அங்கே ஒருவர் உயிர் போன பிறகுதான் இங்கே நம் அலமாரியில் இருந்த டப்பாவின் பெயர் மாறியது.

மீண்டும் அங்கே போவோம். 1954 மே 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் பழைய வழியை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடங்களில் நிறம் பார்த்துப் பிரிப்பது சட்ட விரோதம் என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கிளார்க்கின் ஆய்வு அந்தத் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. அத்தோடு பிரச்சினை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம்.

முடியவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் சிகாகோவிலிருந்து மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போனான். தெற்கே போனால் வெள்ளையர் முன்னால் எப்படிப் பணிந்து நடக்க வேண்டும் என்று தாய் மேமி சொல்லித்தான் அனுப்பினார். கடையில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் முறை தவறி நடந்தான் என்று குற்றம் சாட்டி, இரவில் வீட்டிலிருந்து இழுத்துப் போய் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். ஜனாஸா வந்ததும் பெட்டியை மூட வேண்டாம், என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்றார் அந்தத் தாய். 12 வெள்ளைக்கார ஜூரிகள் 67 நிமிடத்தில் குற்றவாளிகளை விடுவித்தார்கள். சில மாதங்களில் அதே இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு மறுபடி விசாரணை கிடையாது. அப்போது அலிக்கு வயது 13. தன் வயதுப் பிள்ளையின் சிதைந்த முகத்தைப் பத்திரிகையில் பார்த்தது தன்னை எவ்வளவு பாதித்தது என்று பிற்காலத்தில் அவர் பேசியிருக்கிறார்.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு மாவட்டம். பலருக்கு இது தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1950இல் 450க்கும் அதிகமானவர்கள் படித்தார்கள். இடம் இல்லாததற்கு நிர்வாகம் செய்த ஏற்பாடு, மரச்சட்டத்தின் மேல் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகள். மழை பெய்தால் ஒழுகும். குளிர் காலத்தில் அடுப்பின் பக்கத்தில் இருப்பவன் வேகுவான், தூரத்தில் இருப்பவன் கோட்டைக் கழற்ற முடியாமல் நடுங்குவான். 1951 ஏப்ரல் 23ஆம் தேதி பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, தலைமை ஆசிரியரைத் தந்திரமாக வெளியே அனுப்பிவிட்டு மாணவர்களை மண்டபத்தில் கூட்டினாள். எல்லோரும் வெளியே நடந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் வழக்காகி, 1954 தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது. மிரட்டல் வந்ததால் பார்பராவை வேறு மாநிலத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

தீர்ப்பு வந்தது. மாவட்ட நிர்வாகம் இழுத்தடித்தது. 1959இல், இனி ஒன்றாகத்தான் படிக்க வைத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியபோது என்ன செய்தார்கள்? அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. 1959 முதல் 1964 வரை 5 ஆண்டுகள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கி, அரசுப் பணத்திலிருந்தே கல்வி உதவியும் கிடைக்க வழி செய்தார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. கறுப்பு பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவதைவிட ஊரில் பள்ளிக்கூடமே இல்லாமல் போகட்டும் என்கிற அளவுக்கு அந்த நோய் முற்றியிருந்தது.

சில குடும்பங்கள் பிள்ளைகளை வேறு ஊர்ச் சொந்தக்காரர்களிடம் அனுப்பின. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சில மாணவர்களை வேறு மாநிலங்களில் குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்க உதவினார்கள். சர்ச்சுகளின் கீழ்த்தளத்தில் கொஞ்சம் எழுத்து, கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் வயலுக்கும் வேலைக்கும் போனார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1959இல் 6 வயது நிரம்பி முதல் வகுப்புக்குத் தயாராக நின்ற பிள்ளை, பள்ளி திறந்தபோது 11 வயது. 13 வயதில் நிறுத்தியவன் 18 வயதில் எந்த முகத்தோடு எட்டாம் வகுப்பில் போய் உட்காருவான்? பலர் போகவே இல்லை. அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாசிக்கத் தெரியாத தகப்பன் என்ன செய்வார்? அம்மாவிடம் கேள் என்பார். பறிக்கப்பட்டது அந்த 5 ஆண்டு மட்டும் இல்லை என்பது இப்போது புரிகிறதா?

2004இல், அதாவது 40 ஆண்டு கழித்து, அப்படிப் படிப்பை இழந்தவர்களுக்காக வர்ஜீனியா மாநிலம் ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் அதில் சேர்ந்து படித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் இருந்த தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020இல் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பார்பரா ஜான்ஸின் சிலையை அம்மாநிலம் தேர்ந்தெடுத்தது. லீ அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தளபதி. பார்பரா தார்க் காகிதக் கொட்டகையில் படித்த பிள்ளை.

சட்டங்கள் 1964, 1965, 1968 ஆண்டுகளில் அடுத்தடுத்து மாறின. பொது இடம், ஓட்டு, வீடு எல்லாவற்றிலும் பிரிவினை தடை செய்யப்பட்டது. அப்படியிருக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மீராஸ் சட்டம் ஓதியவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. மனிதன் விட்டுச் செல்வதுதான் வாரிசுக்கு வரும். விட்டுச் செல்ல ஒன்றுமே சேர்க்க விடாமல் தடுத்திருந்தால் என்ன பங்கு வைப்பது? 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. நல்ல பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பர் குடியிருக்கும் தெருக்களுக்குப் பெரும்பாலும் சிவப்புதான். அரசு உத்தரவாதம் அளித்த வீட்டுக்கடன் அங்கே கிடைக்காது. வெள்ளைக்காரத் தொழிலாளி கடனில் வீடு வாங்கினார், விலை ஏறியது, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தார், மவுத்தான பிறகு வீடு வாரிசுக்கு வந்தது. அதே சம்பளம் வாங்கிய கறுப்புத் தொழிலாளி வாடகை கட்டிக்கொண்டே மவுத்தானார். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், நடுத்தர வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்துக்கு 44,900 டாலர். ஆறில் ஒரு பங்கு. கணக்கெடுப்பு நடந்த நேரத்தில் அந்தப் பழைய சட்டங்கள் போய் 50 ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

இதிலே நம் தீனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துப் போகப்பட்ட அடிமைகளில் கணிசமானவர்கள் முஸ்லிம்கள். உமர் பின் ஸயீத் என்ற ஆலிம் வட கரோலினாவில் அடிமையாக இருந்துகொண்டே 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார். அதை சூரத்துல் முல்க்கின் வசனங்களோடு தொடங்கினார். இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க வழியில்லாமல், ஒன்றிரண்டு தலைமுறையில் தீன் கையை விட்டுப் போனது.

அந்த வெற்றிடத்தில்தான் 1930இல் டெட்ராய்ட் நகரத்தில் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்ற இயக்கம் முளைத்தது. பெயரில் இஸ்லாம் இருந்தது. ஆனால் வெள்ளையர்கள் எல்லோரும் ஷைத்தான்கள் என்பது அவர்களுடைய போதனை. நபித்துவம் பற்றிய அவர்களுடைய கொள்கையும் நம் அகீதாவுக்கு நேர் விரோதம். இதில் மென்று முழுங்க ஒன்றுமில்லை. ஆனாலும் மால்கம் எக்ஸ் ஏன் அங்கே போனார், அலி ஏன் 1964இல் அங்கே போனார் என்று யோசிக்க வேண்டும். மால்கமின் தகப்பனார் அவர் 6 வயதாக இருக்கும்போது டிராம் வண்டியின் கீழ் உடல் நசுங்கி இறந்தார். வெள்ளை வெறியர்கள் தள்ளிவிட்டதாகவே குடும்பம் நம்பியது. தாயார் மனநலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வகுப்பில் நன்றாகப் படித்த பிள்ளை, வக்கீலாக ஆசை என்று ஆசிரியரிடம் சொன்னபோது, உன் நிறத்துக்கு அது சரிவராது, தச்சு வேலை கற்றுக்கொள் என்று பதில் கிடைத்தது. பொம்மைச் சோதனையில் ஓடிப்போன பிள்ளைகளைப் போன்ற ஒரு பிள்ளையிடம் வளர்ந்த பின் ஒருவர் வந்து, கறுப்பு அழகானது, கெட்டது வெள்ளைதான் என்று சொன்னால் அந்த மனம் எப்படிப் போய் ஒட்டிக்கொள்ளும்! பொம்மைகளை இடம் மாற்றி வைத்தார்கள். கேள்வி அதே கேள்விதான்.

மால்கமுக்கு அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை கிடைத்தது 1964 ஹஜ்ஜில். இஹ்ராம் உடையில் எல்லா நிறத்தவரோடும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே விரிப்பில் தூங்கியதை அங்கிருந்து கடிதமாக எழுதினார். 1965 பிப்ரவரி 21ஆம் தேதி 39 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அலி 1975இல் சுன்னத் வல் ஜமாஅத்தின் வழிக்கு வந்தார். 1980இல் அவர் சென்னைக்கு வந்து எம்.ஜி.ஆர். முன்னிலையில் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் ஜமாஅத்திலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அவரோடு மோதியவர் ஜிம்மி எல்லிஸ். அவரும் அதே லூயிவில் நகரத்துப் பிள்ளைதான்.

நம் பேச்சாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவகத்தில் சாப்பாடு மறுத்ததால் அலி தன் ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை ஆற்றில் வீசினார் என்று மேடைகளில் சொல்கிறோம். அவர் பெயரில் வந்த சுயசரிதையில் அது இருக்கிறது. ஆனால் பதக்கம் தொலைந்துதான் போனது என்று நெருங்கிப் பழகியவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1960இல் ரோமில் நாட்டுக்காகத் தங்கம் வாங்கி வந்தவருக்குச் சொந்த ஊர் உணவகத்தில் இடம் கிடையாது என்பது உண்மை. அந்த உண்மையே போதும்.

சகோதரர்களே! நிறமும் மொழியும் வேறுபட்டிருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்று சூரா ரூமில் (30:22) வருகிறது. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே குலங்களாக ஆக்கினோம், அல்லாஹ்விடம் கண்ணியம் தக்வாவைப் பொறுத்தது என்ற கருத்து சூரா ஹுஜுராத்தில் (49:13) வருகிறது. இறுதி ஹஜ்ஜின் உரையில் கறுப்பருக்கும் சிவந்தவருக்கும் இடையே தக்வாவைத் தவிர வேறு சிறப்பு இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இவை நமக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடமாகத் தெரிந்தவரிடமும் பழைய பாடம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க முடியும். அதற்கு ஆதாரம் ஸஹாபாக்களின் வாழ்விலேயே இருக்கிறது.

அபூதர் (ரலி) அவர்களுக்கும் இன்னொரு மனிதருக்கும் வாக்குவாதம். கோபத்தில் அந்த மனிதரின் தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். கறுப்பியின் மகன் என்று ஏசியதாகச் சில அறிவிப்புகளில் இருக்கிறது. அந்த மனிதர் பிலால் (ரலி) என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். புகாரியின் அறிவிப்பில் பெயர் இல்லை. செய்தி நபி (ஸல்) அவர்களுக்குப் போனது. ஜாஹிலிய்யாவின் குணம் இன்னும் உம்மிடம் ஒட்டியிருக்கிறது என்று கண்டித்தார்கள். இந்த முதிய வயதிலுமா என்று அபூதர் (ரலி) கேட்டார்கள். ஆம் என்றார்கள் நபியவர்கள்.

அபூதர் (ரலி) யார்? இஸ்லாத்தை ஆரம்பத்திலேயே ஏற்று, கஅபாவின் முன்னால் கலிமாவை உரக்கச் சொல்லி அடி வாங்கியவர். அவரிடமும் சிறு வயதில் ஊரில் கேட்டு வளர்ந்த ஒரு சொல் உள்ளே பதுங்கியிருந்து கோபம் வந்த நேரம் வெளியே குதித்தது. நபியவர்கள் அதை வாய்தவறி வந்த வார்த்தை என்று விட்டுவிடவில்லை. உங்கள் கைக்குக் கீழே இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்று கற்றுக் கொடுத்தார்கள். வாயில் வந்த குற்றத்துக்குச் சொன்ன மருந்தைக் கவனியுங்கள். சாப்பாடு, துணி, வேலை. கடைத்தெருவில் தண்ணீர் மறுக்கப்பட்ட பிள்ளையையும், பேருந்து கேட்டு வேலை இழந்த தகப்பனையும், சிவப்பு மை பூசப்பட்ட தெருக்களையும் நினைத்துக்கொண்டு அந்த மூன்றையும் படித்துப் பாருங்கள்.

இந்த ஹதீஸ் நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மஃரூர் என்ற தாபியீ ரபதா என்ற இடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்தார். நபி (ஸல்) அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மேலாடை அணிந்திருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய அடிமையும் நின்றார். அவர் உடலிலும் அதே மேலாடை. இருவரில் எஜமானர் யார் என்று துணியை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மஃரூருக்கு ஆச்சரியம். ஏன் இப்படி என்று கேட்டார். அபூதர் (ரலி) அவர்கள் முன்பொரு நாள் தாம் ஒருவருடைய தாயைச் சொல்லி ஏசியதிலிருந்து தொடங்கிச் சொன்னார்கள்.